கிட்டில் எந்தப் பெயர், எந்த முகவரி, எங்கே பதிவது?

நிரல்களின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட்; அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். புதுக் கணினியில் கிட் நிறுவி முதல் கமிட் போடப் போனால், நீங்கள் யார் என்று சொல்லுங்கள் என்று அது பெரும்பாலும் நின்றுவிடும். திரையில் காட்டுகிற இரண்டு கட்டளைகளை அப்படியே நகலெடுத்து, பெயரையும் மின்னஞ்சலையும் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வதுதான் வழக்கம். ஒரே வேலை, ஒரே முகவரி என்று இருப்பவருக்கு அது போதும். அலுவலக வேலையும் சொந்த வேலையும் ஒரே லேப்டாப்பில் நடக்கிறது என்றால், அந்த இரண்டு வரிகள் எங்கே போய் உட்காருகின்றன என்பதை யோசித்தே முடிவு செய்ய வேண்டும். அமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கமிட்டுக்குள் போன முகவரியை அப்படி மாற்ற முடியாது.

ஏன் என்று பார்த்துவிடுவோம். ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு ஆட்கள் பதிவாகிறார்கள்: மாற்றத்தை எழுதிய ஆத்தர், அதை ரெப்போவில் (திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) சேர்த்த கமிட்டர். பெரும்பாலும் இருவரும் ஒரே ஆள்தான். நீங்கள் எழுதியதை இன்னொருவர் ரீபேஸ் செய்தாலோ செர்ரி-பிக் செய்தாலோ (இரண்டும் கமிட்டை வேறோர் இடத்தில் மறுபடி பதிக்கும் முறைகள்) ஆத்தர் நீங்களாகவே இருப்பீர்கள், கமிட்டர் அவராகிவிடுவார். இந்தப் பெயர்கள், முகவரிகள், நேரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கமிட்டின் ஹேஷ், அதாவது அதன் அடையாள எண், கணக்காகிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் மாறும், அதன்மேல் கட்டப்பட்ட கமிட்கள் அத்தனையின் ஹேஷும் மாறும். இன்னும் புஷ் செய்யாத, அதாவது சர்வருக்கு அனுப்பாத, கடைசி கமிட் என்றால் அமெண்ட் கட்டளையோடு ரீசெட்-ஆத்தர் சேர்த்து ஒரு நொடியில் சரிசெய்யலாம். புஷ் ஆன பிறகு என்றால் ஃபில்டர்-ரெப்போ போன்ற கருவியால் வரலாற்றையே திருத்தி எழுதி, ஃபோர்ஸ் புஷ் செய்து (சர்வரில் இருப்பதை மீறி அனுப்பி), கூட வேலை செய்பவர்கள் எல்லாரையும் மறுபடி குளோன் செய்யச் (முழு நகல் எடுக்கச்) சொல்ல வேண்டும். அதற்குள் யாராவது ஃபோர்க், அதாவது தன் கணக்கில் தனி நகல், எடுத்திருந்தால் பழைய முகவரி அங்கே அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்தப் பெயரையும் முகவரியையும் கிட் எங்கேயும் சரிபார்ப்பதில்லை. இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷனில் சர்வருக்குள் எந்தப் பெயரில் நுழைந்தீர்களோ அதையே சர்வர் பதிந்துகொள்ளும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், சர்வர் இல்லாமலே உங்கள் கணினியில் கமிட் போட விடுகிறது. அதனால் நீங்கள் சொன்னதை அது அப்படியே எழுதிக்கொள்கிறது. எஸ்எஸ்ஹெச் சாவியும் டோக்கனும் புஷ் செய்ய அனுமதி வாங்கித் தருபவை, அவ்வளவுதான். சாவியை மாற்றினால் கமிட்டில் பெயர் மாறும் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். புஷ் அனுமதியும் கமிட்டில் பதியும் பெயரும் தனித்தனி அமைப்புகள்.

குளோபல்: ஒரே இடம், ஒரே அடையாளம்

குளோபல் என்பது உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் டாட் கிட்கான்ஃபிக் கோப்பு. அங்கே யூசர்.நேம், யூசர்.இமெயில் இரண்டையும் எழுதிவிட்டால் அந்தக் கணினியில் உங்கள் கணக்கில் நடக்கும் எல்லா ரெப்போவுக்கும் அதுதான். மாணவர், ஒரே நிறுவனத்தின் கணினியில் அந்த வேலையை மட்டும் பார்ப்பவர், சொந்தத் திட்டங்களை மட்டும் செய்பவர் எல்லாருக்கும் இதுவே சரியான தேர்வு. இதற்கு மேல் எதையும் அடுக்கிக்கொள்ள வேண்டாம்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் பயன்படுத்துபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் பக்கத்துக் கிட்டுக்கு ஒரு ஹோம் ஃபோல்டர், லினக்ஸ் பக்கத்துக் கிட்டுக்கு இன்னொன்று. ஆக, குளோபல் கோப்பே இரண்டு. ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது. கன்டெய்னருக்குள் (தனக்கென்று கோப்புகள் உள்ள தனித்த சூழல்) கமிட் போடும்போதும் இதே கதைதான்.

இரண்டாவது அடையாளம் வந்த அன்றே குளோபலின் குறை தெரிய ஆரம்பிக்கும். அது எதையும் கேட்காது. எதிர்ப்பே இல்லாமல் அலுவலக முகவரியோடு உங்கள் சொந்தத் திட்டத்திலோ, சொந்த முகவரியோடு அலுவலக ரெப்போவிலோ கமிட் போய்க்கொண்டே இருக்கும். பல வாரம் கழித்து யாராவது வரலாற்றைப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும்.

லோக்கல்: ரெப்போவுக்கு ரெப்போ

அதே கட்டளையைக் குளோபல் என்ற சொல் இல்லாமல் ஒரு ரெப்போவுக்குள் நின்று கொடுத்தால், அந்த ரெப்போவின் கிட் ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் பதிவாகும். குளோபலை மீறி இதுதான் செல்லும். எண்ணி இரண்டு மூன்று ரெப்போதான் வேறு முகவரியில் போக வேண்டும் என்றால் இது போதும், எளிதும்கூட.

ஆனால் இந்தக் கோப்பு ரெப்போவோடு பயணிக்காது. ஃபோல்டரை அழித்து மறுபடி குளோன் செய்தால் நீங்கள் எழுதியது போய்விடும், புதிய ரெப்போ பழையபடி குளோபலையே எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த வழி முழுக்க முழுக்க உங்கள் ஞாபகத்தை நம்பியிருக்கிறது. புது ரெப்போ எடுக்கும் நேரம் பெரும்பாலும் அவசரமான நேரம். அப்போது ஞாபகத்தை நம்பும் வழியை நான் யாருக்கும் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன்.

ஃபோல்டரை வைத்து முடிவு செய்வது

2017-இல் வந்த கிட் 2.13-இலிருந்து இன்க்ளூட்இஃப் என்ற வசதி இருக்கிறது. குளோபல் கோப்புக்குள்ளேயே ஒரு நிபந்தனை எழுதலாம்: ரெப்போ இந்த ஃபோல்டருக்குள் இருந்தால் இந்த இன்னொரு கோப்பையும் சேர்த்துப் படி. நிபந்தனையின் பெயர் கிட்டிர். அலுவலக வேலைகளுக்கு ஒரு ஃபோல்டர், சொந்த வேலைகளுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கோப்பில் பெயர், முகவரி, கையொப்பச் சாவி (இது பின்னால் வருகிறது) மூன்றையும் எழுதி வைத்துவிட்டால் முடிந்தது. அந்த ஃபோல்டருக்குள் எத்தனை ரெப்போ குளோன் செய்தாலும் சரியான அடையாளம் தானாக வந்து சேரும்.

இரண்டு அடையாளம் உள்ளவர்களுக்கு இதுதான் என் தேர்வு. ஃபோல்டரைப் பிரித்து வைக்கும் பழக்கம் பலருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் ஐந்து நிமிட வேலை, அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்களும் உண்டு. அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்வுக்கோடு இருக்க வேண்டும். இருந்தால்தான் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் என்று கிட் எடுத்துக்கொள்ளும். அது விடுபட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, நிபந்தனை பொருந்தாமல் போகும், அவ்வளவுதான். அடுத்தது வரிசை. ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் கடைசியில் வந்ததே செல்லும். நிபந்தனையை மேலே எழுதி அதன்கீழே பொது முகவரியை எழுதினால், பொது முகவரி வந்து அலுவலக முகவரியை அழுத்திவிடும். நிபந்தனைகள் எப்போதும் கோப்பின் அடியில் இருக்கட்டும். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் பொருந்தாமல் போகிறது என்றால், அந்த வேறுபாட்டைப் பார்க்காத வடிவம் ஒன்றும் உண்டு. கிட்டிருக்குப் பின் சாய்வுக்கோடும் ஐ எழுத்தும் சேர்த்து எழுத வேண்டும்.

கொஞ்சம் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் நிற்கும் ஃபோல்டரை கிட் பார்ப்பதில்லை, உண்மையான கிட் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. வொர்க்ட்ரீ (அதே ரெப்போவின் இன்னொரு வேலை ஃபோல்டர்) ஒன்றை வேறொரு இடத்தில் உருவாக்கினாலும் அதன் தரவு மூல ரெப்போவின் கிட் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். ஆகவே மூல ரெப்போ இருக்கும் இடத்தின் அடையாளமே கிடைக்கும். சப்மாட்யூலும் (ஒரு ரெப்போவுக்குள் வைக்கும் இன்னொரு ரெப்போ) வழக்கமாக அப்படித்தான், தாய் ரெப்போவின் அடையாளத்தை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் அலுவலகத் திட்டத்துக்குள் உங்கள் சொந்த நூலகம் ஒன்று சப்மாட்யூலாக இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிமோட் முகவரியை வைத்து முடிவு செய்வது

எல்லா ரெப்போவும் ஒரே ஃபோல்டரில் கிடக்கிறது, பிரிக்கவும் விருப்பமில்லை என்பவர்களுக்கு 2022-இல் வந்த 2.36 பதிப்பு ஒரு வழி கொடுத்தது. அதே இன்க்ளூட்இஃப், ஆனால் நிபந்தனை ஹேஸ்கான்ஃபிக். ரெப்போவின் ரிமோட் முகவரி, அதாவது சர்வரில் அது இருக்கும் இணைய முகவரி, இந்த வடிவத்தில் இருந்தால் இந்தக் கோப்பைப் படி என்று சொல்லலாம். பல வாடிக்கையாளர்களுக்குத் தனியாக வேலை செய்பவர்களுக்கு இது ஃபோல்டர் வழியைவிடப் பொருத்தம். யாருடைய வேலை என்பது ரெப்போ எங்கிருந்து வந்தது என்பதிலேயே இருக்கிறது, உங்கள் கணினியில் அது எங்கே கிடந்தாலும் சரி.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. எஸ்எஸ்ஹெச் வழியாகவும் ஹெச்டிடிபிஎஸ் வழியாகவும் குளோன் செய்பவர் என்றால் முகவரியின் வடிவம் வேறு வேறு, ஆகவே இரண்டு நிபந்தனை எழுத வேண்டும். ஒரு ரெப்போவுக்குப் பல ரிமோட் இருந்தால் அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும். உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ஃபோர்க், நிறுவனத்தின் மூல ரெப்போ என்று இரண்டு ரிமோட் இருக்கும்போது இரண்டு நிபந்தனையும் பொருந்தி, கோப்பில் பின்னால் எழுதியது வெல்லும். அப்புறம், இன்னும் ரிமோட்டே சேர்க்காத புத்தம் புது ரெப்போவில் எதுவும் பொருந்தாது. முதல் கமிட் எந்த முகவரியில் போகும் என்பது பொது அமைப்பைப் பொறுத்தது.

சூழல் மாறிகள்

கிட் ஆத்தர் நேம், கிட் ஆத்தர் இமெயில், கமிட்டருக்கும் அதேபோல் இரண்டு என நான்கு சூழல் மாறிகள் (நிரல் ஓடும்போது அதற்குக் கொடுக்கப்படும் மதிப்புகள்) உண்டு. இவை எல்லாக் கோப்புகளையும் மீறுபவை. ஒரு தானியங்கி பில்டு கமிட் போட வேண்டும், கோப்பு எழுத ஹோம் ஃபோல்டரே இல்லாத கன்டெய்னரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்றால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. மனிதர்கள் அன்றாடம் பயன்படுத்த நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஷெல்லில் வைத்த மாறி, டெஸ்க்டாப்பிலிருந்து திறக்கும் எடிட்டருக்குத் தெரியாமல் போகலாம். அப்போது டெர்மினலில் போட்ட கமிட்டில் ஒருவர், எடிட்டரில் போட்ட கமிட்டில் வேறொருவர். மேலும், என்றோ ஷெல் கோப்பில் எழுதி மறந்த மாறி, நீங்கள் கவனமாகச் செய்த எல்லா அமைப்பையும் மீறிக்கொண்டு நிற்கும். கான்ஃபிக் எல்லாம் சரியாக இருந்தும் தவறான பெயர் வருகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

ஒரே கணினியில் இருவர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவதற்கு அடையாளத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டியதே இல்லை. கமிட் செய்தியின் கடைசியில் கோ-ஆத்தர்ட்-பை என்ற வரியில் மற்றவரின் பெயரையும் முகவரியையும் சேர்த்தால், ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளங்களான கிட்ஹப், கிட்லேப் இரண்டும் புரிந்துகொள்ளும்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒரு வரி

மேலே சொன்ன எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டு அடையாளம் உள்ள ஒவ்வொருவரும் குளோபல் கோப்பில் இதைச் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்: யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி என்பதை ட்ரூ என்று வையுங்கள், யூசர்.இமெயிலைக் குளோபலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2016-இல் 2.8 பதிப்பில் வந்த வசதி இது.

முகவரி எங்கேயும் எழுதப்படாவிட்டால் கிட் தானாக ஊகிக்கப் பார்க்கும். கணினியில் உங்கள் பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் ஒட்டி ஒரு முகவரி செய்யும். சில கணினிகளில் அது முடியாமல் நின்றுவிடும். சிலவற்றில் முடிந்துவிடும், அப்படி ஒட்டிய முகவரியோடு கமிட் போயே போய்விடும். இந்த வரி இருந்தால் கிட் ஊகிக்காது. எந்த நிபந்தனையும் பொருந்தவில்லையென்றால் கமிட் போட மறுத்துவிடும். நீங்கள் எரிச்சலோடு ஒரு நிமிடம் செலவழித்து முகவரியை எழுதுவீர்கள். ஆனால் அந்தத் தவறு வரலாற்றுக்குள் போகாது. பின்னால் எளிதில் திருத்த முடியாத ஒன்றில் இப்படி முன்னாலேயே தடுக்கும் வழிதான் நல்லது. பெயரை மட்டும் குளோபலில் விட்டுவைக்கலாம், அது எல்லா இடத்திலும் ஒன்றுதானே.

சரி, எந்த முகவரி?

அலுவலக ரெப்போவுக்கு அலுவலக முகவரி என்பதில் பெரிதாக விவாதம் இல்லை. பல நிறுவனங்களில் வேறு முகவரியோடு வரும் புஷ்ஷை சர்வரே ஏற்காது. பொதுவெளியில் இருக்கும் திட்டங்களுக்குத்தான் யோசிக்க வேண்டும்.

சொந்த முகவரியைக் கொடுத்தால் உங்களை யாரும் நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். மின்னஞ்சலில் பேட்ச் (மாற்றங்களைச் சொல்லும் கோப்பு) அனுப்பி நடக்கும் லினக்ஸ் கெர்னல் போன்ற திட்டங்களில் உண்மையான, வேலை செய்யும் முகவரி அவசியமும்கூட. அதே சமயம் பொது ரெப்போவை குளோன் செய்யும் எவரும் ஒரே கட்டளையில் அத்தனை முகவரிகளையும் எடுத்துவிடலாம். வேண்டாத அஞ்சல் அனுப்புபவர்கள் அதைச் செய்யவும் செய்கிறார்கள்.

மறைக்க விரும்பினால் கிட்ஹப் ஒரு நோரிப்ளை (பதில் அனுப்ப முடியாத) முகவரி தருகிறது, கிட்லேபிலும் இணையானது உண்டு. கிட்ஹப்பில் இதற்கு இரண்டு வடிவம். பழையதில் பயனர் பெயர் மட்டும் இருக்கும். 2017 ஜூலை 18-க்குப் பின் தொடங்கிய கணக்குகளில் பெயருக்கு முன்னால் ஓர் எண்ணும் சேர்ந்திருக்கும். எண் உள்ள வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பயனர் பெயரை மாற்றினாலும் பழைய கமிட்கள் உங்கள் கணக்கோடு ஒட்டியே இருக்கும். பழைய வடிவத்தில் அந்த ஒட்டு அறுந்துவிடும். சொந்த முகவரி வெளியே தெரியும்படி வரும் புஷ்ஷைத் தடுக்கும் அமைப்பும் கணக்கில் உண்டு, அதையும் இயக்கி வையுங்கள். ஆனால் நோரிப்ளை முகவரி அந்தத் தளத்தோடு கட்டுண்டது. நாளைக்குத் திட்டம் வேறு தளத்துக்குப் போனால் அங்கே அந்த முகவரிக்கு அர்த்தம் இருக்காது. நீண்ட காலம் வாழப் போகும் திட்டமென்றால், இதற்கென்றே தனியாக ஒரு முகவரி திறந்து வைத்துக்கொள்வது இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி.

பொதுத் திட்டங்களுக்கு அலுவலக முகவரியில் பங்களிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தளங்கள் கமிட்டையும் கணக்கையும் இணைப்பது முகவரியை வைத்துத்தான். அந்த முகவரியை உங்கள் கணக்கில் சேர்க்க, அதற்கு வரும் அஞ்சலைத் திறந்து சரிபார்க்க வேண்டும். வேலையை விட்டபின் அந்த அஞ்சல் பெட்டி உங்களிடம் இருக்காது. பங்களிப்பு உங்கள் பெயரில் நிற்க வேண்டும் என்றால், அங்கே இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

கையொப்பம் வேண்டுமா?

யார் பெயரில் வேண்டுமானாலும் கமிட் போடலாம் என்பதற்கு ஒரே மருந்து, கமிட்டைச் சாவியால் முத்திரையிடும் கையொப்பம்தான். ஜிபிஜி என்ற குறியாக்கக் கருவியின் வழி 2012-இலிருந்து இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் சாவியால் கையொப்பமிடுவது 2021-இல் 2.34 பதிப்போடு வந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு எஸ்எஸ்ஹெச்சையே சொல்வேன், புஷ் செய்ய ஏற்கெனவே வைத்திருக்கும் சாவியே போதும். கிட்ஹப்பில் அதைக் கையொப்பச் சாவியாகத் தனியே ஒருமுறை சேர்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஜிபிஜியில் சாவிக்குள்ளேயே முகவரி இருக்கிறது, காலாவதியும் ரத்துசெய்யும் முறையும் இருக்கின்றன. மென்பொருள் வெளியீடுகளுக்குக் கையொப்பமிடுபவர்களுக்கு இவை தேவைப்படும். எந்தச் சாவி என்றாலும் கமிட்டரின் முகவரி உங்கள் கணக்கில் சரிபார்த்த முகவரியாக இருந்தால்தான் சரிபார்க்கப்பட்டது என்ற பச்சை அடையாளம் வரும். முகவரி அமைப்பைச் சரிசெய்துவிட்டுக் கையொப்பத்துக்குப் போவதுதான் சரியான வரிசை.

சரிபார்ப்பதும், ஏற்கெனவே போனதும்

அமைத்து முடித்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரெப்போவுக்குள் போய், கிட் வார் கட்டளையை கிட் ஆத்தர் ஐடென்ட் என்ற பெயரோடு கொடுத்துப் பாருங்கள். சூழல் மாறிகள் உட்பட எல்லாம் கணக்கிட்டு, இப்போது கமிட் போட்டால் யார் பெயரில் போகும் என்று அப்படியே காட்டும். எதிர்பாராத முகவரி வந்தால் கிட் கான்ஃபிக்கோடு ஷோ-ஆரிஜின் சேர்த்துக் கேளுங்கள். எந்தக் கோப்பிலிருந்து அது வருகிறது என்று சொல்லிவிடும்.

பழைய கமிட்களில் தவறான முகவரி போயிருந்தால் எடுத்த எடுப்பிலேயே வரலாற்றைத் திருத்தப் போகாதீர்கள். ரெப்போவின் மேல்மட்டத்தில் டாட் மெயில்மேப் என்ற கோப்பை வைத்து, சரியான பெயர், சரியான முகவரி, பழைய முகவரி என்று ஆளுக்கு ஒரு வரி எழுதினால் வரலாற்றைக் காட்டும் லாக், ஷார்ட்லாக், பிளேம் கட்டளைகள் எல்லாம் சரியான பெயரையே காட்டும். ஹேஷ் எதுவும் மாறாது, யாரும் மறுபடி குளோன் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஆள் மூன்று முகவரிகளில் மூன்று ஆளாகத் தெரிவதுதான் பிரச்சினை என்றால் இது போதும். முகவரியே வெளியில் தெரியக்கூடாது என்பவருக்கு இது உதவாது. பழைய முகவரி கமிட்டுக்குள்ளும் இருக்கும், இந்தக் கோப்பிலும் எழுதியிருக்கும். அவர்களுக்கு மட்டும்தான் ஃபில்டர்-ரெப்போவும் ஃபோர்ஸ் புஷ்ஷும். அதையும் கூட வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, யாரும் பாதி வேலையில் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.